பரமபதப் பலகையும் படிக்கத் திணறும் பிள்ளையும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். கல்வெட்டு, சமணப் படுகை, பழைய ஏடு என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவேன் என்று நினைத்திருப்பார்கள். இந்த முறை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த நிதி திரட்டும் விழாவைப் பற்றி எழுதுகிறேன். பலகை விளையாட்டுகளை வைத்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக நடந்த விழா அது. இதில் ஆராய்ச்சி என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். ஆராய்ச்சியும் இருக்கிறது, என் தவறும் இருக்கிறது.

நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நயினார் குடும்பத்தில் பிறந்தவன். பத்தாவதோடு படிப்பை விட்டு, 1978இல் பம்பாய் வந்து, எவர்சில்வர் பாத்திர வியாபாரத்தில் காலூன்றினேன். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. கடையைச் சாத்திவிட்டு ராத்திரி உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. அதனால் எழுத்து என்றால் எனக்குத் தெய்வம் மாதிரி. படிக்காதவனைக் கண்டால் உள்ளுக்குள் ஓர் இளக்காரமும் எனக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

என் பேத்தி செம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். மூன்றாம் வகுப்பு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பேச்சில் படு சுட்டி. ஒரு கதையைக் கேட்டால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிற்றுவலி என்பாள். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவாள். கண் டாக்டரிடம் காட்டினோம், கண் சரி என்றார். காதும் சரி. பிறகு பள்ளியில் சொன்னபடி மனநலச் சோதனை, வாசிப்புச் சோதனை எல்லாம் செய்தார்கள். முடிவில் 'டிஸ்லெக்சியா' என்றார்கள். சோதித்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துதா, ஸார்?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். டாக்ஸியில் திரும்பும்போதுதான் என் தம்பியின் ஞாபகம் வந்தது.

டிஸ்லெக்சியா என்பது என்ன?

'டிஸ்' என்றால் கடினம், 'லெக்சிஸ்' என்றால் சொல். இரண்டும் கிரேக்கச் சொற்கள். 1887இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இந்தப் பெயரை முதலில் வழங்கினார். அவர் சொன்னது மூளை பாதிக்கப்பட்ட பெரியவர்களை. பிறவியிலேயே இப்படி இருக்கும் பிள்ளையைப் பற்றி 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் எழுதினார். அந்தப் பையனுக்கு வயது 14. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான், அது தப்பு என்றும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்குப் போடுவான். விளையாட்டில் சுறுசுறுப்பானவன். பாடம் முழுவதையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். இதைப் படித்தபோது எனக்கு மார்கனுடைய ஊர் தெரியவில்லை, எங்கள் ஊர்த் திண்ணைதான் தெரிந்தது.

ஒரு சொல் பல ஒலிகளால் ஆனது. அந்த ஒலிகளைத் தனித்தனியே பிரித்து உணர்ந்து, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தோடு சேர்த்துக் கட்டுவதுதான் வாசிப்பு. நமக்கு இது பழகிப்போய்த் தானாக நடக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்த முடிச்சு லேசில் விழுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும். இது கண் நோய் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. அறிவுக்குறைவு இல்லவே இல்லை. குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. 100 பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரு வகுப்பில் 40 பேர் என்றால் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள் என்று ஆகிறது.

இதற்கு மாத்திரை கிடையாது. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் மணலில் எழுதிப் பார்த்துப் பழக்கும் முறைகள்தான் உண்டு. 1930களிலேயே அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் இந்த வழியைத் தொடங்கிவைத்தார்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். விழா எதற்கு என்பது இப்போது விளங்கும்.

ஒரு பிள்ளை, மூன்று எழுத்து

இங்கே மும்பையில் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலம். மராத்தியும் இந்தியும் தேவநாகரியில். வீட்டில் தாத்தா பிடித்து உட்காரவைத்துச் சொல்லித்தரும் தமிழ். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், ஆனால் ஒலிகள் நாற்பதுக்கு மேல். எந்த எழுத்து எங்கே எப்படி ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ் அவ்வளவு மோசமில்லை. என்றாலும் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பாருங்கள். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. ல, ள, ழ என்று மூன்று. ன, ண, ந என்று மூன்று. நமக்கு இது அழகு. திணறும் பிள்ளைக்கு இது காடு.

அப்படியானால் தமிழில் மட்டும் படிக்கவைத்தால் இந்தத் தொல்லை போய்விடுமா? போகாது. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் பேசுகிறவர்களை ஒப்பிட்டு 2001இல் ஓர் ஆய்வு வந்தது. இத்தாலிய எழுத்துமுறை ஒழுங்கானது, எழுதியபடியே வாசிக்கலாம். அதனால் அங்கே வாசிப்புப் பிழை குறைவு. ஆனாலும் வாசிக்கும்போது மூளையில் தெரியும் வேறுபாடு மூன்று மொழிக்காரர்களிடமும் ஒன்றாகவே இருந்தது. எழுத்துமுறை சுமையைக் கூட்டும், குறைக்கும். சுமையே இல்லாமல் செய்துவிடாது.

என் தம்பி

எனக்கு மூன்று வயது இளையவன். நாலடியார்ப் பாட்டுகளை அப்பா சொல்லச் சொல்லக் கேட்டே மனப்பாடம் பண்ணிவிடுவான். அதே பாட்டைப் புத்தகத்தில் காட்டினால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வான். ஊர்ப் பள்ளியில் பெஞ்சு மேல் நிற்பது அவன்தான். வீட்டில் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எனக்கு அப்போது 11 வயசு. அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன். ஒருநாள் ஆத்திரத்தில் அவன் சிலேட்டைத் தூக்கித் தரையில் அடித்து உடைத்தேன். அவன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, பெரிய துண்டில் ஆடுபுலிக் கட்டம் கிறுக்கி, "வாண்ணா, ஆடலாம்" என்றான். ஆடினோம். என் புலி மூன்றையும் கட்டிப்போட்டான்.

ஐந்தாவதோடு அவன் படிப்பு நின்றது. பின்னால் என்னோடு பம்பாய் வந்தான். இத்தனை வருஷமாகக் குடோன் அவன் பொறுப்பு. எந்த அடுக்கு எத்தனை கிலோ என்று தூக்கிப் பார்த்தே சொல்வான், தராசு பத்து கிராம் வித்தியாசம் காட்டினால் அதிகம். ஆனால் கல்லாதவன் என்று அவனைக் கல்லாவில் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. சிலேடைக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது.

ஏன் பலகை விளையாட்டு?

பேத்தியின் பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்காக ஓர் அறை இருக்கிறது. சிறப்பு ஆசிரியை ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வருவார். ஐந்து நாளும் வரவேண்டுமென்றால் சம்பளத்துக்கு வழி பண்ண வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் பலர் பல யோசனை சொன்னார்கள். பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்றார் ஒருவர். வாசிப்புப் போட்டி வைத்து ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று நன்கொடை வாங்கலாம் என்றார் இன்னொருவர். படிக்க முடியாத பிள்ளைகளுக்காகப் படிக்கிற பிள்ளைகள் போட்டியா என்று தலைமையாசிரியை சிரித்துவிட்டார். அவர் சொன்னதுதான் பலகை விளையாட்டு. "அவங்க தோக்காத இடமா ஒண்ணு இருக்கணும், ஸார்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. நம்முடைய பழைய ஆட்டங்கள் எதற்கும் எழுத்து வேண்டாம். ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு, கோடுகள் கூடும் 23 இடங்கள். ஆடு வைக்கிறவன் நாலு நகர்த்தல் தள்ளி யோசிக்க வேண்டும். பல்லாங்குழியில் 14 குழி. கையில் எடுத்த முத்து எங்கே முடியும், அடுத்த குழி காலியா என்று மனசுக்குள் எண்ண வேண்டும். தாயத்தில் இரண்டு கட்டைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். விதியைப் பாட்டி வாயால் சொன்னாள், நாம் கேட்டுக்கொண்டோம். அச்சடித்த தாள் எதுவும் இருந்ததில்லை.

பரமபதத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். ஏணியும் பாம்பும் கொண்ட இந்தப் பலகைக்கு வடநாட்டுச் சமணரிடையே 'ஞான சௌபட்' என்று பெயர். பொதுவாக 84 கட்டங்கள். அடியில் நரகம், உச்சியில் சித்தர்கள் இருக்கும் இடம். வைணவர் பலகைகளில் 72 கட்டம் வருவது அதிகம். ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேய அறிஞர் 1985இல் இவற்றை ஒப்பிட்டு விரிவாக எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது இங்கிலாந்து போய்ப் பிள்ளைகள் விளையாட்டாக மாறிற்று. பழைய பலகைகளில் ஒவ்வொரு கட்டத்திலும் நல்வினை, தீவினையின் பெயர் எழுதியிருக்கும். ஆனால் எழுத்து தெரியாதவரும் ஆடலாம், தெரிந்தவர் சொல்லிக்கொண்டே போவார். வாசிக்கத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே பலகையில் உட்காருவது நமக்குப் புதிது அல்ல.

விழா நடந்த விதம்

மற்ற ஊர்ச் சங்கத்தாரும் செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை, பள்ளி ஹாலில் 24 மேஜைகள். நுழைவு 50 ரூபாய். பணம் கொடுத்தால் ஆறு வண்ணச் சீட்டு. ஓர் ஆட்டத்துக்கு ஒரு சீட்டு. சீட்டில் எழுத்து கிடையாது, மேஜையில் என்ன வண்ணக் கொடியோ அந்த வண்ணச் சீட்டு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடித்து மேஜை மாற்றுவார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு வியாபாரி 1000 ரூபாய் கொடுத்து ஆதரவாளர் ஆனார். செலவு என்று பெரிதாக இல்லை. பலகைகள் வீடுகளிலிருந்து வந்தன, புளியங்கொட்டையும் சோழியும் நான் கொண்டுபோனேன். வடாபாவும் டீயும் பெற்றோர் விற்றார்கள்.

முக்கியமான ஏற்பாடு வேறு. ஒவ்வொரு மேஜையையும் நடத்தியது ஒரு பிள்ளை. வந்தவர்களுக்கு விதியை வாயால் விளக்கி, ஆடவைத்து, தகராறு வந்தால் தீர்ப்பும் சொல்ல வேண்டும். இவர்களில் யார் அந்த அறைக்குப் போகிற பிள்ளை, யார் போகாதவர் என்று எங்கும் சொல்லவில்லை. பிள்ளைகளின் போட்டோவைப் பெரிதாக வைத்தால் நன்கொடை கூடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். தலைமையாசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. இரக்கத்துக்காகப் பணம் வேண்டாம், ஆட்டத்துக்குப் பணம் கொடுக்கட்டும் என்றார்.

ஆடுபுலி மேஜைக்குப் பெரியவர் ஒருவர் துணை வேண்டுமென்றார்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுடன் அந்த மேஜையில் என் பேத்தி. ஒரு தகப்பனார் வந்து உட்கார்ந்தார், நல்ல வேலையில் இருப்பவர். எதிரில் ஆடியவன் அவருடைய பையனே. இரண்டு ஆட்டமும் தகப்பனார் தோற்றார். மூன்றாவதில் எழுந்து போகாமல் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ யோசிக்கிறியாடா நீ?" என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை அது.

கூட்டம் குறைந்தபோது பேத்தி தம்பியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "சின்னத் தாத்தா, உங்களுக்கும் எழுத்து ஆடுமா?" அவன் சொன்னான்: "ஆடாது கண்ணு, ஓடும். நான் துரத்துறத விட்டுட்டேன். நீ விடாத. உனக்குத்தான் டீச்சர் இருக்காங்களே."

மாலை நாலு மணிக்கு வரவு செலவைக் கரும்பலகையில் எழுதினார்கள். அந்த ஆசிரியையை அடுத்த கல்வியாண்டு முழுக்க ஐந்து நாளும் வரவழைக்கப் போதுமான தொகை சேர்ந்திருந்தது.

விளையாட்டு செய்வதும் செய்யாததும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பலகை விளையாட்டு டிஸ்லெக்சியாவைக் குணப்படுத்தாது. தாயம் ஆடினால் வாசிப்பு வராது. அப்படிச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். எண்ணறிவுக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2008இல் அமெரிக்காவில் ரமணி, சீக்ளர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகள் வரிசையாக எண் எழுதிய பலகையில் இரண்டு வாரத்துக்குள் நாலு தடவை கால் மணி நேரம் ஆடியதிலேயே எண்ணறிவில் முன்னேறினார்கள். எண் இல்லாமல் நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. அந்த ஆய்வும் வாசிப்பைப் பற்றியதல்ல.

பின்னே விளையாட்டு என்ன செய்கிறது? பிள்ளைக்கு அறிவு இருக்கிறது என்பதை மற்றவர் கண்ணுக்குக் காட்டுகிறது. பிள்ளைக்கே காட்டுகிறது. வாசிப்பைக் கற்றுத் தருவது பயிற்சி பெற்ற ஆசிரியர்தான். நம் சமயத்தில் ஞானம் ஆன்மாவின் இயல்பு, வினை அதை மறைக்கிறது என்பார்கள். மறைப்புக்கு 'ஞானாவரணீயம்' என்று பெயர். இதைச் சொல்லியே ஒரு பிள்ளையைப் "போன ஜன்ம வினை" என்று தள்ளிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் தள்ளியவன்தான். உள்ளே ஞானம் இருக்கிறது என்ற முதல் பாதியை மறந்துவிட்டு மறைப்பை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

கேள்வியும் கல்வியே

பரீட்சையில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் தருவதையும், வினாத்தாளை வாசித்துக் காட்ட ஆள் வைப்பதையும் சலுகை என்று முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, அதற்கு அடுத்தது கேள்வி. கல்லாதவனைப் பற்றிச் சொன்ன கையோடு கேட்டு அறியும் வழியை வைத்தார் வள்ளுவர். எங்கள் ஆகமத்துக்கு 'ச்ருதம்' என்று பெயர். கேட்கப்பட்டது என்று பொருள். எழுத்தில் ஏறியது பிற்பாடுதான். காதால் படிப்பது குறுக்குவழி என்றால் நம் முன்னோர் எல்லாரும் குறுக்குவழிக்காரர்களே.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் குறைபாடு சேர்க்கப்படவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. மகாராஷ்டிரத்தில் 1996 முதலே பள்ளித் தேர்வுகளில் இவர்களுக்கு வசதிகள் உண்டு. மும்பையில் மாநகராட்சியின் சயான் மருத்துவமனையில் இதைச் சோதிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களிலிருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துக்குப் பிறகு பெயராவது எல்லாருக்கும் தெரியும். பெயர் தெரிந்தும், நம் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் என்று மட்டும் நினைக்க மாட்டோம்.

நாம் செய்யக்கூடியது

ஏழெட்டு வயதுக்கு மேலும் பிள்ளை எழுத்தை மாற்றி எழுதினால், முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்தால், கிழமை, மாதம், வாய்ப்பாடு வரிசை தப்பினால், பேச்சில் கெட்டியாகவும் வாசிப்பில் மட்டும் மிகப் பின்தங்கியும் இருந்தால், அடிக்காதீர்கள். மற்றவர் முன்னால் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, முறையான சோதனைக்குக் கூட்டிப்போங்கள். டாக்டர் "வீட்டில் வேறு யாருக்காவது?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நான் மறுபடி போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

விழா முடிந்த மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, "இனிமே கல்லாவுல நீ உக்காருடா" என்றேன். "இப்ப எதுக்குண்ணா, பழக்கமில்ல" என்று குடோனுக்குப் போய்விட்டான். அவனை வற்புறுத்தும் தகுதி எனக்கு இல்லை.

நம் சங்கத்துக்கு ஹால் இருக்கிறது. மாதத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து, பலகைகளை விரித்து, வரும் பணத்தை இப்படி ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குக் கொடுக்கலாம் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். நான்கு வகைத் தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. ஏட்டைக் கொடுத்தால் மட்டும் அது முடிந்துவிடாது. அதை வாசிக்கக் கற்றுக் கொடுப்பதும் அதில் அடங்கும். முதல் மேஜைக்கு என் கடையின் 1000 ரூபாயை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஆடுபுலிக்குத் தம்பி வருவான், கேட்டுவிட்டேன்.